காற்றில் எடுத்தாலும் அளந்து எடு

அணு உலை விபத்துக்குப் பிறகு காற்றில் கலக்கும் கதிரியக்கத்தை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பிவைத்து, "நீங்கள் கிளப்பியதை நீங்களே அடக்குங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டையும் செருகியிருந்தார். பலர் என்னை விஞ்ஞானி என்று விளித்திருக்கிறீர்கள். இல்லை. சுற்றுச்சூழல் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்து, 29 ஆண்டுகள் காற்றின் தூசியைப் பிடிக்கும் வடிதாளை மாற்றி ஓய்வு பெற்றவன். அந்தத் தகுதியில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

*கேள்வி: விபத்து நடந்த நாடு வாய் திறக்காமல் இருந்துவிட்டால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும், ஐயா? செர்னோபிலில் அப்படித்தானே நடந்தது?*
— பள்ளி ஆசிரியை ஒருவர்

அப்படித்தான் நடந்தது. காட்டிக்கொடுத்தது ஒரு காலணி.

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபிலின் நான்காவது உலை வெடித்தது. சோவியத் அரசு எதுவும் சொல்லவில்லை. 28ஆம் தேதி காலை, அங்கிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, சுவீடன் நாட்டின் ஃபோர்ஸ்மார்க் அணு மின் நிலையத்தில் கிளிஃப் ராபின்சன் என்ற வேதியியலாளர் காலை உணவை முடித்துவிட்டுப் பல் துலக்கப் போனார். திரும்பும் வழியில் ஊழியர்களைச் சோதிக்கும் கருவி அலறியது. அவரோ அன்று உலைப் பகுதிக்குள் கால் வைக்கவே இல்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், கருவியைத் தாண்ட முடியாமல் ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் காலணியைக் கடன் வாங்கிக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் எந்தத் தனிமம் என்று பிரித்துக் காட்டும் ஜெர்மானியம் உணர்கருவி மேல் வைத்தார் ராபின்சன். தங்கள் நிலையத்தில் வழக்கமாகத் தென்படாத தனிமங்கள் எல்லாம் திரையில் வரிசை கட்டி நின்றன. எங்கோ அணுகுண்டு வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாராம்.

குண்டா, உலையா என்று பிரித்துச் சொல்லும் ஒரு சாட்சி உண்டு. அதன் பெயர் சீசியம்-134. எண் மாறினால் அது அதே தனிமத்தின் வேறு வகை. குண்டு ஒரு நொடிக்குள் வெடித்து முடிந்துவிடுவதால் அதில் இது பெயரளவுக்குத்தான் உண்டாகும். உலைக்குள் எரிபொருள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் மழையில் கிடக்கும்போதுதான் இது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே வடிதாளில் சீசியம்-137 பக்கத்தில் 134ம் கணிசமாக உட்கார்ந்திருந்தால், வந்தது உலையிலிருந்துதான். செர்னோபில் தூசியில் 134 என்பது 137இல் ஏறக்குறைய பாதி. ஃபுகுஷிமா தூசியில் இரண்டும் ஏறக்குறைய சமம். இந்த விகிதத்தை மட்டும் பார்த்து, இது எந்த ஊர்த் தூசி என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

28ஆம் தேதி இரவு 9 மணிச் செய்தியில் மாஸ்கோ சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் காலணி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தது.

*கேள்வி: காற்றை அளப்பது என்கிறீர்களே, நடைமுறையில் என்னதான் செய்வீர்கள்? ஒரு கருவியைத் தூக்கிப் பிடித்தால் போதாதா?*
— கல்லூரி மாணவர், இயற்பியல்

போதாது. தூக்கிப் பிடிக்கும் கருவி காட்டுவது, அந்த இடத்தில் நிற்கும் உங்கள் உடம்பு மணிக்கு எவ்வளவு கதிர்வீச்சு வாங்குகிறது என்பதை. அது மேகத்திலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்தா, பக்கத்துக் கருங்கல் சுவரிலிருந்தா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் மூச்சில் எதை இழுக்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் காற்றையே பிடித்தாக வேண்டும்.

பிடிக்கும் முறை எளிது. வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரம் பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு கூரைக்கு அடியில் வெளியில் வைத்து, வாயில் கண்ணாடி இழையால் ஆன வடிதாள் ஒன்றைப் பொருத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இயந்திரம் மணிக்குச் சுமார் 60 கன மீட்டர் காற்றை இழுக்கும். அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகம் முழுவதும் திட்டமிட்ட 80 நிலையங்களில் உள்ளவை மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் இழுக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு 12,000 கன மீட்டர். நீங்களும் நானும் ஒரு நாளில் மூச்சிழுப்பது சுமார் 22 கன மீட்டர். ஆக, நாம் ஒன்றரை ஆண்டு மூச்சுவிடுவதை அந்த இயந்திரம் ஒரே நாளில் விட்டு முடித்துவிடும்.

வடிதாள் மாற்றுவதுதான் என் வேலை என்றேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், தாளை மாற்றச் சம்பளமா என்று. வெள்ளைத் தாளைப் பொருத்துவேன். மோட்டாரை ஓட விடுவேன். காற்றோட்டம் எவ்வளவு என்று அளவுமானியைப் பார்த்து எழுதுவேன். மாற்றும் நாளில் நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பார்த்து எழுதுவேன். தூசி சேரச் சேரத் தாள் அடைத்துக்கொண்டு காற்றோட்டம் குறைந்துவிடும். தொடக்க அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இழுக்காத காற்றையும் இழுத்ததாகக் கணக்கில் வரும். பிறகு இடுக்கியால் தாளின் ஓரத்தைப் பிடித்து எடுப்பேன். வெள்ளையாகப் போனது சாம்பல் நிறத்தில் வரும். தூசி படிந்த முகம் உள்ளே இருக்கும்படி மடித்து ஒரு உறையில் போடுவேன். உறையின் மேல் இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முதல் காற்றோட்டம், கடைசிக் காற்றோட்டம், மழை உண்டா, என் கையெழுத்து. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காற்றில் எடுத்தாலும் அளந்து எடுக்க வேண்டும். உறையில் ஒரு நேரம் விட்டுப்போனால் உள்ளே இருப்பது வெறும் அழுக்குத் தாள்.

எடுத்த உடனே, தாளில் சிதையும் அணுக்களை எண்ணவும் கூடாது. நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் வாரிசுகள் எப்போதும் தாளில் ஒட்டிக்கொண்டு பெருங்கூச்சல் போடும். ஈய-214க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20 நிமிடம். சில மணி நேரத்தில் இவை அடங்கிவிடும். தோரியம் வழியில் வரும் ஈய-212க்கு மட்டும் 10.6 மணி நேரம். அதற்காக ஒரு நாள் காத்திருப்பது நல்லது. விபத்துச் சமயத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. அப்போது உடனே ஒரு முறை, நாலு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை என்று ஒரே தாளை மூன்று முறை எண்ணுவோம். குறைந்துகொண்டே போனது ரேடான். குறையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேண்டாத விருந்தாளி.

அயோடின் தனித் தொல்லை. அது பாதி தூசியாகவும் பாதி வாயுவாகவும் வரும். வாயு தாளைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அதனால் தாளுக்குப் பின்னால் வேதிப்பொருள் ஏற்றிய கரி அடைத்த ஒரு சிறு குப்பி வைப்போம். கரியில் உலையிலிருந்து வரும் செனான் வாயுவும் கொஞ்சம் தங்கும் என்பதால் சிலர் வெள்ளி ஏற்றிய ஜியோலைட் என்ற கனிமத்தைப் பயன்படுத்துவார்கள். விலை அதிகம், குழப்பம் குறைவு.

*கேள்வி: கதிரியக்கம் கலந்த காற்றை முகர்ந்து கண்டுபிடிக்க முடியுமா?*
— வாசகர்

முடியாது. அதனால்தான் 29 ஆண்டுகள் எனக்குச் சம்பளம் கிடைத்தது.

*கேள்வி: "கண்டறியும் அளவுக்குக் கீழ்" என்று அறிக்கைகளில் போடுகிறார்களே, அது உண்மையாகவே இல்லை என்பதா, அல்லது சொல்ல விரும்பவில்லை என்பதா?*
— சந்தேகப் பிராணி என்று கையெழுத்திட்டவர்

உங்கள் சந்தேகம் வாழ்க. எந்த எண்ணைவிடவும் பூஜ்யத்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு வாரத் தாளை எண்ணி முடித்து அறிக்கை எழுதினேன். சீசியம் இல்லை, அயோடின் இல்லை, எல்லாம் கண்டறியும் அளவுக்குக் கீழ். இவ்வளவு சுத்தமான வாரம் வந்ததே இல்லை என்று உள்ளூர ஒரு பெருமைகூட. எங்கள் பிரிவுத் தலைவி அறிக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரிலியம் எங்கே?" என்றார். "இல்லை, மேடம்" என்றேன். "என்ன, வானத்தையே மூடிவிட்டார்களா?"

பெரிலியம்-7 விபத்தில் வருவதல்ல. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல்காற்றின் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உடைப்பதால் அது ஓயாமல் உண்டாகிறது. அரை ஆயுள் 53 நாள். பூமியில் எங்கே காற்றை இழுத்தாலும் வடிதாளில் அது இருந்தே தீரும். அது இல்லை என்றால் காற்றே இழுக்கப்படவில்லை என்று பொருள். ஓடிப் போய்ப் பார்த்தேன். தாள் வைக்கும் தட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர்க் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் ஒரு வாரம் தன் வயிற்றுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறது. உறையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். போட்டபடியே வெள்ளை வெளேர் என்று இருந்தது. முதலிலேயே என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளவுமானி சரியாகத்தான் காட்டியது என்று நான் வாதாடியதும், அது குழாய் கழன்ற இடத்துக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது என்று அவர் விரல் நீட்டிக் காட்டியதும் தனிக்கதை.

எனவே, கண்டறியும் அளவுக்குக் கீழ் என்று எங்கேயாவது படித்தால் கேளுங்கள்: கண்டறியும் அளவு எவ்வளவு? எத்தனை கன மீட்டர் காற்று? எத்தனை மணி நேரம் எண்ணினீர்கள்? பத்து நிமிடம் எண்ணிவிட்டு இல்லை என்பதும், ஒரு நாள் முழுக்க எண்ணிவிட்டு இல்லை என்பதும் ஒன்றல்ல. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோபெக்கரல். ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோபெக்கரல் என்றால் 12,000 கன மீட்டர் இழுத்த தாளில் எட்டு நொடிக்கு ஒரு அணுதான் சிதையும். அதிலும் கருவியின் கண்ணில் படுவது ஒரு பங்குதான். அதைக்கூட ஒரு நாள் பொறுமையாக எண்ணினால் பிடித்துவிடலாம். கேள்வியைக் கேட்டுப் பதில் வரவில்லையென்றால், அப்போது நீங்கள் உங்கள் கையெழுத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்ளலாம்.

*கேள்வி: நான் சொந்தமாகக் கதிர்வீச்சை அளக்கும் ஒரு கெய்கர் கருவி வாங்கி வைத்திருக்கிறேன். போன மாதம் மழை பெய்தபோது அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எங்கும் செய்தி வரவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். உண்மையா?*
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மைத்துனரிடம் மூன்று மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள். மழைத் துளிகள் காற்றில் மிதக்கும் ரேடான் வாரிசுகளை வாரிக்கொண்டு தரைக்கு இறக்கும். கருவி ஏறும். மழை நின்றால் அரை மணிக்கு ஏறக்குறைய பாதி என்று இறங்கிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். அப்படி இறங்கினால் அது ரேடான்தான். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். மழை பெய்யும்போது காரின் மேற்பரப்பை ஒரு மெல்லிய தாளால் துடைத்துக் கருவியின் அருகே வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வாருங்கள். குறைவது கோடு போட்டதுபோல் தெரியும். இறங்காமல் மறுநாளும் நின்றால் எனக்கு எழுத வேண்டாம், உடனே உரிய அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கருவியால் இரண்டு காரியம் முடியாது. எந்தத் தனிமம் என்று அதனால் சொல்ல முடியாது. அயோடின்-131இன் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரும் சீசியம்-137 தரும் 662உம் அதற்கு ஒரே 'டிக்' சத்தம்தான். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகைக்குக் குளிர்வித்த ஜெர்மானியம் போன்ற கருவிதான் இரண்டையும் தனித்தனி முகடாகப் பிரித்துக் காட்டும். இரண்டாவது, எல்லாக் கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. செர்னோபிலில் முதல் மணி நேரங்களில் கையில் கிடைத்த கருவிகள் மணிக்கு 3.6 ரான்ட்ஜனுக்கு (கதிர்வீச்சின் பழைய அலகு) மேல் காட்டத் தெரியாதவை. முள் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. 3.6 என்றே மேலே தகவல் போனது. உண்மை அதைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு. சில மலிவுக் கருவிகள் இதைவிட மோசம், கதிர்வீச்சு அளவுக்கு மீறினால் திணறிப்போய்ப் பூஜ்யம் காட்டும். பூஜ்யத்தைப் பற்றி மேலே சொன்னதை இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: ஒரே விபத்துக்கு ஒரு செய்தியில் 1,200 என்றும் இன்னொன்றில் 10 என்றும் போடுகிறார்கள். யாரை நம்புவது?*
— வாசகி

இருவரும் உண்மை சொல்லியிருக்கலாம். இதற்கு 1979இல் ஒரு நாட்டுக்கே கிடைத்த பாடம் இருக்கிறது.

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் உலையில் மார்ச் 28 அன்று விபத்து. 30ஆம் தேதி காலை ஒரு ஹெலிகாப்டர் மணிக்கு 1,200 மில்லிரெம் (இதுவும் ஒரு பழைய கதிர்வீச்சு அலகு) என்று ஓர் அளவைச் சொன்னது. அளந்த இடம் புகைபோக்கிக்கு நேர் மேலே, வாயு வெளியே வந்துகொண்டிருந்த வாயில். தகவல் கை மாறிக் கை மாறி அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது 'எங்கே' என்பது உதிர்ந்துபோய், எண் மட்டும் நின்றது. போதாக்குறைக்கு, வெளியே மக்கள் இருக்கும் இடத்தில் எவ்வளவு இருக்கலாம் என்று அங்கே ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருந்த எண்ணும் அதே 1,200. இரண்டும் பொருந்திவிட்டதே என்று மக்களை வெளியேற்றப் பரிந்துரைத்தார்கள். அன்றே ஆளுநர், 5 மைல் சுற்றளவில் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி செல்லாத சிறு குழந்தைகளும் வெளியேறுமாறு ஆலோசனை சொன்னார். ஆலோசனையில் சொல்லப்படாதவர்களும் கிளம்பினார்கள். சாலைகள் நிரம்பின.

உறையின் மேல் 'இடம்' என்று முதலில் ஏன் எழுதுகிறோம் என்பது இதற்காகத்தான். எண்ணைப் பார்த்ததும் எங்கே, எப்போது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று கேளுங்கள். அதைச் சொல்லாத செய்தியை வாசித்த நேரம் வீண்.

*கேள்வி: இன்று வானிலைக் கணினிகள் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் வீசும் என்று கணித்தால் போதுமே. அளக்கும் நிலையங்களுக்கு இவ்வளவு செலவு எதற்கு?*
— மென்பொருள் பொறியாளர்

ஃபுகுஷிமாவில் கணிப்பும் இருந்தது, நிலையங்களும் இருந்தன. இரண்டும் காலை வாரின. இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும்.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது ஃபுகுஷிமா மாகாணத்தில் உலையைச் சுற்றி 24 கண்காணிப்புக் கம்பங்கள் இருந்தன. அவற்றில் 23 பயன்படாமல் போயின. சில அலையோடு போயின. மற்றவை மின்சாரமோ தகவல் இணைப்போ இல்லாமல் ஊமையாகின. உலையை நிறுத்திய அதே பேரிடர் உலையைக் கண்காணிக்கும் கருவிகளையும் நிறுத்தியது. விபத்து நாளுக்கென்றே வைத்த கருவி விபத்து நாளில் வேலை செய்யவில்லை.

கணிப்பு, ஸ்பீடி என்ற ஜப்பானிய அரசின் கணினி அமைப்பின் பொறுப்பு. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற தகவல் கிடைக்காததால் ஓர் அலகு வெளியேறினால் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் அது கணக்கிட்டது. திசை அதில் இருந்தது. அளவு தெரியாத வரைபடத்தை நம்ப முடியாது என்று மக்களுக்கு உடனே தரவில்லை. மார்ச் 23இல்தான் முதல் படம் வெளியானது. இதற்கிடையே நமியே நகர மக்கள் உலையிலிருந்து தப்புவதாக நினைத்து வடமேற்கே ட்சுஷிமா பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். 15ஆம் தேதி மேகம் போனது அதே திசையில். அன்று மாலை மழையும் பனியும் சேர்ந்து அதைத் தரைக்கு இறக்கின. உலையிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில், 20 கிலோமீட்டர் வெளியேற்ற வட்டத்துக்கு வெகு வெளியே இருந்த இட்டாட்டே கிராமத்தில் அளவு மணிக்கு 40 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டியது. வழக்கமான பின்னணி அளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு. அந்தக் கிராமத்தைக் காலி செய்யும் பகுதியாக அறிவித்தது ஏப்ரல் 22இல்.

காம்பஸை ஊன்றி வட்டம் போடுவது அதிகாரிகளுக்கு எளிது. காற்று வட்டமாகப் போவதில்லை. நாக்கு நீட்டுவதுபோல் ஒரு பக்கம் நீளும். எந்த இடத்தில் மழை பெய்ததோ அங்கே இறங்கும். செர்னோபில் மேகம் சுவீடனைக் கடந்தபோது மழை பெய்த யேவ்லே பகுதியில் சீசியம் குவிந்தது, மழை பெய்யாத இடங்கள் தப்பின. மழை எங்கே பெய்தது என்பதைக் கணினி ஓரளவுதான் சொல்லும். மண்ணில் எவ்வளவு இறங்கியது என்பதை ஆள் போய்த்தான் அளக்க வேண்டும்.

ஜப்பானில் அந்த ஆட்கள் பலர் சாதாரணக் குடிமக்கள். சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழு விபத்து நடந்த சில நாட்களில் உருவானது. கெய்கர் கருவியோடு இடங்காட்டியையும் ஒரு பெட்டியில் அடைத்துக் காரின் ஜன்னலில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டினார்கள். ஒவ்வொரு அளவோடும் இடமும் நேரமும் தானாகவே பதிவாகும். நான் உறையில் எழுதியதைத்தான் அந்தப் பெட்டி எழுதியது, என்னைவிட நல்ல கையெழுத்தில்.

இன்னொன்று. தடை ஒப்பந்தத்தின் தக்கசாக்கி நிலையம் உலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. மிக நுண்ணிய அளவைப் பிடிக்க வடிவமைத்த அந்த நிலையத்தின் மேல் அவ்வளவு தூசி வந்து இறங்கியதில் நிலையமே மாசுபட்டது. மேகம் போன பிறகும் அது காட்டியதில் எவ்வளவு வெளிக்காற்றில் உள்ளது, எவ்வளவு தன் சொந்தச் சுவரில் உள்ளது என்று பிரிப்பது பெரும்பாடானது. தன் கை அழுக்கோடு மற்றவன் துணியைச் சோதிப்பதுபோல.

*கேள்வி: ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் பெக்கரல் என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டுமா? ஆயிரம் என்றாலே கைகால் நடுங்குகிறது.*
— இல்லத்தரசி

பெக்கரல் மிகச் சிறிய அலகு. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். அது மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லும் அலகு சீவர்ட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

கன மீட்டருக்கு 1,000 பெக்கரல் அயோடின்-131 உள்ள காற்றில் ஒருவர் ஒரு நாள் முழுக்க வெளியே நிற்கிறார். இழுப்பது 22 கன மீட்டர், உள்ளே போவது 22,000 பெக்கரல். தூசி வடிவ அயோடினுக்கு ஒரு பெக்கரலுக்கு 7.4 நானோசீவர்ட் என்பது பெரியவர்களுக்கான உலக அளவு. பெருக்கினால் 0.16 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் அனைவரும் ஆண்டுக்கு வாங்குவது உலகச் சராசரியாக 2.4. அதில் பதினைந்தில் ஒரு பங்கு. வாயு வடிவமாக இருந்தால் 0.44 வரை போகும். ஒரு வயதுக் குழந்தை குறைவாகத்தான் மூச்சிழுக்கும், ஆனால் அதன் தைராய்டு மிகச் சிறியது. தூசி வடிவத்துக்கே கணக்கு 0.37 என்று வரும். மேலும், இவை உடம்பு முழுவதற்கும் சராசரியாக்கிய எண்கள். தைராய்டு மட்டும் வாங்குவது இதைப் போல் சுமார் 20 மடங்கு.

ஆகவே ஒரு நாளைக்கு ஆயிரம் என்றால் நடுக்கம் வேண்டாம், கவனம் வேண்டும். பத்து நாள் ஆயிரம் என்றால் கணக்கு மாறும். எத்தனை நாள் என்று சொல்லாத ஆயிரத்துக்கு நடுங்கவும் முடியாது, நிம்மதியடையவும் முடியாது.

*கேள்வி: அயோடின் மாத்திரையை முன்கூட்டியே வாங்கிச் சாப்பிட்டுவிடலாமா?*
— அதே இல்லத்தரசி

கூடாது. உங்கள் பகுதிக்கு அறிவிப்பு வந்தால் மட்டும், சொன்ன அளவு மட்டும். மேகம் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து, வந்து 2 மணி நேரம் வரை சாப்பிடுவது சிறந்த பலன் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாள் தாமதித்துச் சாப்பிட்டால் நன்மையைவிடத் தீமை அதிகம். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் முதலில். 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. சீசியத்துக்கு எதிராக அது எதுவும் செய்யாது. 2011இல் ஜப்பானில் புண்ணுக்குத் தடவும், வாய் கொப்பளிக்கும் அயோடின் மருந்தைக் குடிக்கலாம் என்று வதந்தி பரவி, குடிக்காதீர்கள் என்று நிபுணர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

மேகம் கடக்கும்வரை கதவு ஜன்னலைச் சாத்தி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் மின்விசிறியை நிறுத்தி வீட்டுக்குள் இருங்கள். கடந்துவிட்டது என்று அறிவித்ததும் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

*கேள்வி: காற்றைப் பற்றி எழுதச் சொன்னால் பாலைப் பற்றியே பாதி எழுதியிருந்தீர்கள், சென்ற இதழில். ஏன்?*
— வாசகர்

காற்றில் வருவது காற்றோடு போய்விடாது என்பதால். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தது. புகைபோக்கியின் உச்சியில் வடிகட்டி வைத்தே தீர வேண்டும் என்று ஜான் காக்கிராஃப்ட் என்ற இயற்பியலாளர் அடம்பிடித்து வைத்திருந்தார். அதைக் 'காக்கிராஃப்டின் கோமாளித்தனம்' என்று கேலி செய்தவர்கள் அன்று வாயடைத்தார்கள். தூசியைப் பெருமளவு அது பிடித்துக்கொண்டது. அயோடின் நழுவியது. நழுவியது புல்லில் படிந்தது. ஒரு மாடு ஒரு நாளில் மேயும் புல்வெளியின் பரப்பை நினைத்துப் பாருங்கள். எங்கள் இயந்திரத்தைவிடப் பெரிய வடிதாள் அது. மேய்ந்த மறுநாளே பாலில் தெரியத் தொடங்கும். சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பகுதியின் பாலை வாரக்கணக்கில் கொட்டினார்கள். செர்னோபிலைச் சுற்றி அந்தப் பாலைச் சரியான நேரத்தில் நிறுத்தவில்லை. தைராய்டு புற்றுநோய் வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளில் பெரும்பாலோர் அயோடினை வாங்கியது மூச்சில் அல்ல, கோப்பையில்.

*கேள்வி: காற்றை மட்டும் வைத்துக் குற்றவாளியைப் பிடித்ததுண்டா?*
— துப்பறியும் கதைப் பிரியர்

பாதி பிடித்ததுண்டு. 2017 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பா முழுக்க வடிதாள்களில் ருத்தேனியம்-106 வந்தது. கூடவே சீசியம் இல்லை, அயோடின் இல்லை. உலை விபத்தானால் எல்லாமே கலந்து வரும். இது தனியாக வந்ததால், பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலை போன்ற இடமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். எந்த நிலையத்தில் எந்த நாள் முதலில் தென்பட்டது என்று வைத்துக் காற்றைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது விரல் நீண்டது ரஷ்யாவின் தெற்கு யூரல் மலைப் பக்கம். 100 முதல் 300 டெராபெக்கரல் (ஒரு டெரா என்பது லட்சம் கோடி) வெளியேறியிருக்கும் என்று பிரெஞ்சு கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனம் மதிப்பிட்டது. ரஷ்யா மறுத்தது. ஐரோப்பாவில் யாருக்கும் உடல்நலக் கேடு இல்லாத அளவுதான், ஆனால் யாரும் 'நான்தான்' என்று சொல்லவில்லை.

1998இல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் அருகே ஓர் எஃகு ஆலையில் பழைய இரும்போடு சீசியம்-137 மூலம் ஒன்று உலைக்குள் போய் உருகிவிட்டது. ஆலை வாயிலில் இருந்த கருவியில் அது சிக்கவில்லை. பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து வடிதாள்களில் சிக்கியது. 134 கூட வராததால் அணு உலை அல்ல என்பது உடனே தெரிந்தது.

*கேள்வி: எண்ணி முடித்த வடிதாள்களை என்ன செய்வீர்கள்? குப்பையிலா?*
— ஏழாம் வகுப்பு மாணவி

நல்ல கேள்வி, கண்ணம்மா. போடவே மாட்டோம். உறையோடு தேதிவாரியாக அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைப்போம். பல ஆண்டு கழித்து இன்னும் நல்ல கருவி வரும், அல்லது யாராவது புதுக் கேள்வி கேட்பார்கள், அப்போது பழைய காற்றை மறுபடி எண்ணலாம். என் அந்த வெள்ளைத் தாளும் அங்கேதான் இருக்கிறது. உறையின் மேல் தலைவி சிவப்பு மையில் 'குழாய் கழன்றது' என்று எழுதி, பக்கத்தில் என்னையும் கையெழுத்துப் போட வைத்தார்.

*கேள்வி: சென்ற இதழில் சீசியம்-134இன் அரை ஆயுள் 206 ஆண்டுகள் என்று அச்சாகியிருக்கிறது. 2.06 ஆண்டுகள் அல்லவா? அச்சுப் பிழையா?*
— கல்லூரிப் பேராசிரியர்

2.06தான். அச்சகத்தின் மேல் பழி போடலாம் என்று என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். புள்ளியை நான்தான் வைக்கவில்லை.